ஒரு மண் டம்ளர் டீ

முத்துமீனாவுக்கு அன்னைக்குக் காலையிலருந்தே கை ஓடல, கால் ஓடல. ஜப்பான்காரங்க சட்டிபானைக் கண்காட்சி திறக்கப்போகுதேங்கிற பதட்டமில்ல அது. கண்காட்சி அது பாட்டுக்குத் திறக்கும். அவ பயமெல்லாம் ரெண்டு வயசாளிகளப் பத்தினது. ஒருத்தரு அவ அப்பா கருப்பு. இன்னொருத்தரு, அவ கட்டிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிற செல்வக்குமாரோட அப்பா விருமாண்டி. ரெண்டு பேரும் முன்னப்பின்ன ஒருத்தர ஒருத்தர் பாத்ததில்ல. இன்னைக்கு ரெண்டு பேரும் கண்காட்சிய வேடிக்கை பாக்க வந்த மாதிரி வந்து, நாலு வார்த்தை பேசி, பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரு டீயக் குடிச்சிட்டா கல்யாணம் பாதி முடிஞ்ச மாதிரி. குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா? அதுக்கு மேல அவளால யோசிக்க முடியல.

விருமாண்டிக்கு எழுமலைப் பக்கம் ஊரு. நெலபுலம், தென்னந்தோப்பு, ஊர்க் கூட்டத்துல முன்வரிசை. கருப்புக்கு உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரு. ஊருன்னா ஊரில்ல, ஊருக்கு வெளிய இருக்கிற காலனி. இதுக்கு மேல இந்தப் பக்கத்து ஆளுக யாருக்கும் வெவரம் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. அப்பா அவுக வீட்டுக்குப் போனா வாசல்ல நிக்க வச்சுருவாங்களோன்னு முத்துமீனாவுக்குப் பயம். விருமாண்டி காலனிக்கு வந்தா மறுநாளே ஊரு பேசும்னு செல்வக்குமாருக்குப் பயம். வீடும் வேண்டாம் கோயிலும் வேண்டாம், நான் வேலை பாக்குற எடத்துக்கே வரட்டும், அங்க யாரு யாருன்னு யாரு கேக்கப்போறான்னு முடிவு பண்ணது இவதான். கெட்டிக்காரத்தனமான முடிவுன்னு அப்பத் தோணுச்சு.

செல்லூர்ல மூடிக் கெடந்த ஒரு தறிக் கொட்டகைய வாங்கி, வெள்ளையடிச்சு, ஏசி போட்டு அருங்காட்சியகமா ஆக்கியிருந்தாங்க. வெளிய சந்துல ஆட்டோவும் நூல் மூட்டை வண்டியும் முட்டிக்கிட்டு நிக்கும். உள்ள வந்தா செருப்புச் சத்தம்கூடக் கேக்காது. அங்க கண்காட்சி வேலைக்கு முத்துமீனாதான் பொறுப்பு. செல்வக்குமார் லைட்டு, ஸ்டாண்டு அமைச்சுக் குடுக்குற காண்ட்ராக்டு. அப்பிடித்தான் ரெண்டு பேருக்கும் பழக்கமாச்சு.

இந்தத் தடவை வந்திருந்தது ஜப்பான் கிராமத்துக் குயவங்க செஞ்ச பாத்திரங்க. சோத்துக் கிண்ணம், எண்ணெய்க் கூசா, ஊறுகாப் பானை, கைப்பிடி இல்லாத டீக் குவளை. ராசா வீட்டுச் சாமான் இல்ல, சம்சாரி வீட்டுச் சாமான். செஞ்சவன் பேரு ஒண்ணுலயும் கெடையாது. அதனால கண்காட்சிக்கே ‘பேர் தெரியாத கைகள்’னு பேரு வச்சிருந்தாங்க. வாசல் சொவத்துல கொட்டை எழுத்துல ஒரு வரி: ‘அன்றாடம் புழங்குவதே அழகு.’

அந்த வரியப் பாத்துத்தான் இவளுக்கு அந்த யோசனை வந்துச்சு. “மேடம், புழங்குறதுதான் அழகுன்னு எழுதிட்டு எல்லாத்தையும் கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சா எப்பிடி? வாரவங்க கையில ஒண்ணக் குடுக்கணும். மானாமதுரையில சொல்லி இதே மாதிரி மண் டம்ளர் செஞ்சு வாங்குவோம். எல்லாருக்கும் அதுல டீ குடுப்போம். குடிச்சிட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும்”னு அருங்காட்சியகத்துப் பெரிய பொறுப்புல இருந்த ஆர்த்திகா மேடத்துக்கிட்டச் சொன்னா. மேடத்துக்குத் தலைகால் புரியல. “சூப்பர் மீனா! இது எனக்குத் தோணாமப் போச்சே”ன்னு தோளத் தட்டுனாங்க.

அதே சந்தோசத்தோட ஓடிப்போயி செல்வக்குமார்கிட்டயும் சொன்னா. அவன் ஏணி மேல நின்னு லைட்டு மாட்டிக்கிட்டு இருந்தான்.

“மண் டம்ளரா?”ன்னான். கையில முறுக்கிக்கிட்டு இருந்த திருப்புளி நின்னு போச்சு.

“ஆமா. ஏன்?”

“இல்ல, சும்மா கேட்டேன். நல்லாத்தான் இருக்கும்”னு சொல்லிட்டுத் திரும்ப முறுக்க ஆரம்பிச்சான்.

பாவி மக அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.

கருப்புதான் மொதல்ல வந்தாரு. மின்வாரியத்துல லைன்மேனா சேந்து ஃபோர்மேனா ரிட்டையரான மனுசன். வெள்ளைச் சட்டையத் தேச்சுப் போட்டு, கையில வாட்ச்சக் கட்டி, தலைக்கு மையடிச்சு, மாப்பிள்ளை மாதிரி வந்து எறங்குனாரு. முத்துமீனாவுக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்குச்சு. அம்மா செத்ததுக்கு அப்புறம் அவரு இம்புட்டு ஜோரா வெளிய கெளம்பி அவ பாத்ததில்ல.

ஒவ்வொண்ணா சுத்திக் காட்டுனா. ஒரு பெரிய பானைக்கு முன்னாடி நின்னுட்டாரு. பழுப்பு நெறம், மேல பச்சை ஒழுகி எறங்கியிருந்துச்சு.

“இதுல என்னத்தா வைப்பாக?”

“ஊறுகாப்பா.”

“அடேயப்பா, ஊறுகாப் பானைக்கு ஏசியா! குடுத்து வச்ச பானை”ன்னு வாய்விட்டுச் சிரிச்சாரு. பெறகு மூக்குக் கண்ணாடியத் தூக்கிவிட்டு, கீழ எழுதியிருந்தத வாசிச்சாரு. செய்தவர் பெயர் தெரியவில்லைன்னு போட்டிருந்துச்சு. “ஏந்த்தா, ஒருத்தருமா அவன் பேரக் கேக்கல?”ன்னாரு. மேடம் பேசுன பேச்செல்லாம் மனப்பாடமா வச்சிருந்த முத்துமீனா, பேர் போடாமச் செய்யிறதுல ஒரு பெருமை இருக்கு, ஒரு துறவு இருக்குன்னு என்னென்னமோ சொன்னா. அவரு தலைய ஆட்டிக்கிட்டாரு. நம்புன மாதிரி தெரியல. ஆனா மகளப் பாத்த பார்வையில பெருமை வழிஞ்சுச்சு.

விருமாண்டி வந்தாரு. முறுக்கு மீசை, தோள்ல துண்டு, எட்டூருக்குக் கேக்குற குரல். வந்தவரு நேரா கருப்புகிட்ட வந்து, “நீங்கதான் மீனாவோட அப்பாவா? வாங்கண்ணே, வாங்க”ன்னு கையப் புடிச்சிக்கிட்டாரு. முத்துமீனாவுக்கு மூச்சே அப்பத்தான் வந்துச்சு. தொட்டுட்டாருய்யா மனுசன்! பெறகு ரெண்டு பேரும் மோட்டாரப் பத்தியும் கரண்டப் பத்தியும் பேச ஆரம்பிச்சாங்க. “எங்க தோப்புல லோ வோல்டேஜ் அண்ணே, மோட்டார் காயில் எரிஞ்சு எரிஞ்சு போகுது”ன்னு இவரு சொல்ல, “லைன் கடைசியில இருக்கும் சார் ஒங்க தோப்பு, தனி டிரான்ஸ்ஃபார்மருக்கு எழுதிப் போடுங்க, நான் சொல்லித் தாரேன்”னு அவரு சொல்ல, என்னமோ நாப்பது வருசச் சினேகிதங்க மாதிரி இருந்துச்சு. அந்தக் கோடியில நின்ன செல்வக்குமார் இவளப் பாத்துக் கண்ணக் காட்டுனான். இவ உதட்டக் கடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. அந்த அஞ்சு நிமிசம் அவ வாழ்ந்த மாதிரி யாரும் வாழ்ந்திருக்க முடியாது.

டீ குடிக்கப் பின்பக்கத்து வராந்தாவுல நாற்காலி போட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க. தங்கப்பொண்ணுன்னு அங்க வேலை பாக்குற பிள்ளை தட்டுல மண் டம்ளரா அடுக்கி எடுத்துட்டு வந்துச்சு. விருமாண்டி ஒண்ண எடுத்துக்கிட்டாரு. கருப்பு கைய நீட்டுனவரு, தட்டப் பாத்ததும் நிறுத்திட்டாரு.

“வேற டம்ளர் இல்லையாத்தா?”ன்னு அந்தப் பிள்ளைகிட்ட மெதுவாக் கேட்டாரு.

“வேணாம்ப்பா, இன்னைக்கு எல்லாருக்கும் இதுதான்!”னு குறுக்க விழுந்தா முத்துமீனா. “மேடம்கூட இதுலதான் குடிக்கிறாங்க. நான்தான்ப்பா யோசிச்சேன். என் ஐடியா!”

கருப்பு மக மூஞ்சியப் பாத்தாரு. அம்புட்டு ஆசையா நின்னுச்சு அந்த மூஞ்சி. ஒரு டம்ளர எடுத்துக்கிட்டாரு.

எடுத்தவரு நாற்காலியிலருந்து எந்திரிச்சாரு. ரெண்டு எட்டுத் தள்ளி, தூண் ஓரமாப் போயி, நின்னுக்கிட்டே குடிச்சாரு. உக்காந்து குடிங்கப்பான்னு சொல்ல இவளுக்குத் தோணல, அதுக்குள்ள யாரோ கூப்பிட்டு ஏதோ கேட்டாங்க. டீ கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. அவரு ஊதவும் இல்ல, ஆறவும் விடல. வேகவேகமாக் குடிச்சாரு. சுத்தி நின்னவங்கல்லாம் குடிச்சு முடிச்ச டம்ளரத் தொடச்சு பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. ஒரு டீச்சரம்மா மருமகளுக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டு வாங்குனாங்க. கருப்பு மட்டும் வராந்தாவ விட்டு எறங்கி, தோட்டத்துக் குழாயடிக்குப் போனாரு. குழாயத் தெறந்து டம்ளர உள்ளயும் வெளியயும் வெரல விட்டுக் கழுவுனாரு. ரெண்டு தரம் கழுவுனாரு. கழுவிட்டுத் தண்ணி சொட்டச் சொட்டக் கையில வச்சிக்கிட்டு, எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னாரு.

விருமாண்டி அப்ப வேற யாரோடயோ மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாரு. பேச்ச நிறுத்தவும் இல்ல, முழுசாத் திரும்பவும் இல்ல. கழுவுன டம்ளரோட ஒரு ஆளு நிக்கிறது கண்ணோரத்துல தெரிஞ்சிருக்கு. தாடைய லேசா ஒரு ஆட்டு ஆட்டி, “அந்தா, அந்தச் சன்னல் மேல கவுத்து வையி”ன்னாரு.

“சரிங்கய்யா”ன்னாரு கருப்பு.

சன்னலோட வெளிப்பக்கத்து விளிம்புல டம்ளரக் கவுத்து வச்சாரு. வச்சிட்டு, அந்தக் கைய அப்பிடியே தூக்கிப் பாத்துக்கிட்டு நின்னாரு.

விருமாண்டி பேச்சு பாதியில அறுந்து போச்சு. மெதுவாத் திரும்பிப் பாத்தாரு. அந்த மீசைக்குக் கீழ வாய் தெறந்து மூடுச்சு. “அண்ணே... நான் அந்த... அண்ணே...”ன்னு நாற்காலியிலருந்து பாதி எந்திரிச்சாரு. கருப்பு ஈரக் கையத் தேச்ச சட்டையிலேயே தொடச்சாரு. “வாரேன் சார்”னு சொல்லிட்டு, யாரையும் பாக்காம, மகளையும் பாக்காம, சந்துல எறங்கி நடந்துட்டாரு.

முத்துமீனாவுக்கு ஒண்ணும் வெளங்கல. என்ன தப்பாச்சு? டம்ளரக் கழுவி வச்சா என்ன? செல்வக்குமாரக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, “என்னடா நடந்துச்சு? சொல்லு”ன்னு உலுக்குனா.

அவன் மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. “ஒங்க அப்பா ஒங்கிட்டச் சொன்னதே இல்லையா?”

“எத?”

“எங்க தாத்தா டீக்கடை வச்சிருந்தாரு மீனா. பெஞ்சுல உக்கார்ற ஆளுகளுக்குக் கண்ணாடி கிளாஸ். ஒங்க... காலனி ஆளுகளுக்கு மண் டம்ளர், தனியா கூரையில சொருகி வச்சிருக்கும். அவுகளே எடுத்து, ஓரமா நின்னு குடிச்சு, அவுகளே கழுவி, திரும்பக் கவுத்து வச்சுட்டுப் போகணும். எங்க கடை மட்டுமில்ல, எல்லாக் கடையும் அப்பிடித்தான்.”

“நீ பாத்திருக்கியா?”

“சின்னப் பிள்ளையில.”

புடிச்சிருந்த அவன் கைய விட்டா. “நான் வந்து சொன்னேன்ல, ஏணி மேல நின்னியே. அப்பவே ஒனக்குத் தெரியும்.”

“நீ அம்புட்டு சந்தோசமாச் சொன்ன. அத எப்பிடிக் கெடுக்குறது? பழைய கதை, ஒங்க அப்பாவே மறந்திருப்பாருன்னு நெனச்சேன்.”

முத்துமீனா ஆட்டோவப் புடிச்சு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனா. வழியெல்லாம் அவ வீடுதான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. சித்திரை வெயில்லயும் அந்த வீட்டுல தண்ணிக்கு மண்பானை கெடையாது. எவர்சில்வர் குடந்தான். பக்கத்து வீட்டுல எல்லாம் பானை வச்சு ஜில்லுன்னு குடிக்கிறாக, நாமளும் வைப்போம்ப்பான்னு சின்னப் பிள்ளையில அவ அழுதிருக்கா. “மண்ணு சாமான் நம்ம வீட்டுக்கு வேணாம்த்தா”ன்னு மட்டும் சொல்லுவாரு. ஏன்னு கேட்டதில்ல. இவ கேக்கல, அவரும் சொல்லல. நல்லா இருந்துச்சு பொழப்பு.

உசிலம்பட்டி பஸ்ஸுல சன்னலோரமா உக்காந்திருந்தாரு. பஸ் இன்னும் நெறையல. பக்கத்துல போயி உக்காந்தா. வாயத் தெறந்தா அழுகைதான் வந்துச்சு.

“எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்த்தா. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே வளத்தேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா, நீ போற வீட்டுலயெல்லாம் டம்ளரப் பாத்துட்டுத்தான் குடிப்ப. அந்தச் சீக்கு என்னோட போகட்டும்னு நெனச்சேன்.” கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “இம்புட்டு வருசம் கவுருமெண்டு வேலை பாத்திருக்கேன். ஊர்த் தெருக் கம்பத்துலயெல்லாம் ஏறி நின்னு, கீழ நிக்கிறவன அதட்டி வேலை வாங்கியிருக்கேன். எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேன். அந்த டம்ளர் கையில வந்ததும் காலு தானா எந்திரிச்சுப் போச்சு. கையி தானாக் கழுவுச்சு. ‘அய்யா’ன்னு சொன்னேனே, அந்தச் சொல்லும் வாயில தானா வந்துச்சு.”

“அந்தாளு பேசுனதுதான்ப்பா தப்பு. அந்தாளு...”

“அவரத் திட்டாத.” கருப்பு குரல் அப்பத்தான் ஒடஞ்சுச்சு. “அவரு கெட்ட ஆளா இருந்தா நான் சட்டையப் புடிச்சிருப்பேன், மனசும் ஆறியிருக்கும். நல்ல மனுசன்த்தா. சிரிச்சுப் பேசுனாரு, கையப் புடிச்சாரு, மெய்யாவே புடிச்சாரு. அவருக்கும் அது தானா வந்திருச்சு. என்னைய முன்னப்பின்ன பாத்ததுகூடக் கெடையாது, எங்க வைக்கணும்னு அவருக்குத் தெரியுது, வைக்கணும்னு எனக்குத் தெரியுது. இதுக்கு நான் யாரோட சண்டைக்குப் போக?”

கண்டக்டர் விசிலடிச்சான். வண்டி உறும ஆரம்பிச்சுச்சு.

“நீ எறங்கு. வேலை கெடக்கும்ல”ன்னாரு. அவ எறங்கல. சட்டைக் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. அவரு அந்தக் கைய ஒவ்வொரு வெரலா எடுத்துவிட்டாரு. “கல்யாணத்தப் பண்ணிக்க. நான் தடுக்க மாட்டேன். அந்தப் பையன் நல்ல பையன்தான். ஆனா ஒனக்கு ஒரு பிள்ளை பொறந்து, அது ரெண்டு வீட்டுக்கும் போயி வரும்ல. அது எந்தக் கையக் கத்துக்கும், கழுவுற கையவா, கவுத்து வைக்கச் சொல்ற கையவா? அத மட்டும் யோசிச்சுக்க.”

அவ எறங்குனதும் பஸ் போயிருச்சு. அவ அந்தப் பிளாட்பாரத்துலயே, பூக்கூடைக்கும் முறுக்கு விக்கிறவனுக்கும் நடுவுல, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நின்னா. அழுது தீர்க்கவும் முடியல. யார் மேல கோவப்படுறது? மேடம் மேலயா, மானாமதுரைக் குயவன் மேலயா, ஜப்பான்காரன் மேலயா? ஒருத்தரும் ஒரு கெடுதலும் நெனைக்கல. எல்லாரும் நல்லதத்தான் நெனச்சாங்க, அவளயும் சேத்து. அப்பிடி நெனைக்கப்போயிதான் அப்பாவ அந்தக் குழாயடியில கொண்டுபோயி நிறுத்திட்டா.

போன் அடிச்சுச்சு. செல்வக்குமார்.

“மீனா, எங்க இருக்க? எங்க அப்பா இங்க அழுகாத கொறையா உக்காந்திருக்காரு. மன்னிப்புக் கேக்கணும்ங்கிறாரு. அந்த மனுசன் கால்லயே விழுவேன்ங்கிறாரு. நாளைக்கு ஒங்க அப்பாவக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வா, எல்லாத்தையும் பேசி முடிச்சிருவோம்.”

அவளுக்கு ஒரு நொடி மனசு எளகிருச்சு. எளகாம என்ன செய்யும்? உசிர வச்சிருந்தாளே அவன் மேல. சரின்னு சொல்ல வாயெடுத்தவ நிறுத்துனா.

“மன்னிப்புக் கேக்குறவரு எங்க வீட்டுக்கு வரலாம்ல?”

“வரலாம்... வருவாரு. வரமாட்டாருன்னு நான் சொல்லல. ஊர்ல நாலு பேரு பாத்தா பேச்சாகும், ஒனக்கே தெரியும். கொஞ்ச நாள் போகட்டும்.”

“வந்தா, எங்க வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிப்பாரா?”

அந்தப் பக்கம் கண்காட்சிக் கூட்டம் பேசுறது மட்டும் கேட்டுச்சு. அவ போன காதோட அழுத்திக்கிட்டா. குடிப்பாருடின்னு ஒரு வார்த்தை, பொய்யாவாச்சும் சொல்ல மாட்டானான்னு இருந்துச்சு. அப்ப அவன் பக்கத்துல ஒரு பொம்பளை, “தம்பி, இந்த மண் டம்ளர் அழகா இருக்கே, இன்னொண்ணு எடுத்துக்கிறவா?”ன்னு கேட்டது தெளிவாக் கேட்டுச்சு.

“தாராளமா எடுத்துக்கங்கக்கா, எம்புட்டு வேணாலும் எடுத்துக்கங்க”ன்னான் செல்வக்குமார், உடனே, நல்லா வாய் நெறைய.

முத்துமீனா இன்னும் கொஞ்ச நேரம் போனப் புடிச்சிக்கிட்டு நின்னா. அவ கேட்டதுக்குப் பதில் வரல. போன வச்சா.